சறுக்கியது மனமா, தரையா?

(பட்டிமன்றத் தலைப்பு: "உலகப் பெரும் போட்டிகளில் முன்னணி டென்னிஸ் வீரர்கள் சறுக்குவதற்குப் பெரிதும் காரணம் மன அழுத்தமா, களச் சூழலா?" 'களச் சூழலே' என்ற அணியின் இரண்டாவது பேச்சாளர் ஆற்றிய உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே, இரு அணித் தோழர்களே, இந்த வெக்கையிலும் பந்தலை விட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா பேச்சைப் பிரமாதமாக முடித்துவிட்டுப் போனார். "யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்குவது கால் அல்ல, மனம்" என்றார். கைதட்டல் அள்ளிக்கொண்டார். நானும்தான் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் யோசனை வந்தது. அய்யா, யானை சறுக்கி விழுந்தால் ஊரில் யாராவது அதற்கு மனநல மருத்துவரைக் கூப்பிடுவார்களா? அந்த இடத்தில் சேறா, பாசியா, எவன் எண்ணெயைக் கொட்டி வைத்தான் என்றுதானே குனிந்து பார்ப்பார்கள்? எங்கள் அணி குனிந்து பார்க்கிற அணி.

அந்த அம்மா எடுத்துப் போட்ட முதல் சீட்டு செர்பியாவின் ஜோகோவிச். 2021-ஆம் ஆண்டு, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். உலகின் முதல்நிலை வீரர். தங்கம் அவர் கழுத்துக்கு அளவெடுத்துச் செய்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். வெறுங்கையோடு திரும்பினார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஒரு ராக்கெட்டை ஆளில்லாத பார்வையாளர் வரிசைக்குள் வீசினார், இன்னொன்றை வலைக் கம்பத்தில் அடித்து நொறுக்கினார். "இது மனம் உடைந்ததற்குச் சாட்சி இல்லையா?" என்று கேட்டார்கள்.

சாட்சிதான். எதற்குச் சாட்சி என்பதில்தான் தகராறு. ராக்கெட் உடைந்தது மூன்றாவது செட்டில், அதாவது ஆட்டத்தின் மூன்றாவது பகுதியில். அதற்கு முன்னால் அந்த மனிதர் என்னென்ன செய்துவிட்டு அங்கே வந்து நின்றார் என்று பாருங்கள். அந்த ஆண்டு மெல்போர்னில் பட்டம், பாரிஸில் பட்டம், ஜூலை 11 அன்று விம்பிள்டனில் பட்டம். ஆண்டுக்கு நான்கே நடக்கும் கிராண்ட் ஸ்லாம் என்கிற பெரும் போட்டிகளில் மூன்று, ஒவ்வொன்றிலும் 7 ஆட்டம், மொத்தம் 21 வெற்றி. இரண்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை, ஐரோப்பாவின் புல்தரையிலிருந்து ஜப்பானின் கடினத் தரைக்கு விமானம். ஜூலை 24 அன்று முதல் ஆட்டம். 28, 29, 30, 31 என நாள் தவறாமல் ஒற்றையர் ஆட்டம். போதாக்குறைக்குக் கலப்பு இரட்டையரிலும் பெயர் கொடுத்திருந்தார். 30-ஆம் தேதி அரை இறுதியில் ஜெர்மனியின் ஸ்வெரெவிடம் தோற்றார். அதே நாள் மாலை, கண்ணீர் காய்வதற்குள், கலப்பு இரட்டையர் அரை இறுதி. அதிலும் தோல்வி. மறுநாள் வெண்கலத்துக்காக ஸ்பெயினின் கரேனோ புஸ்டாவோடு மூன்று செட். அதற்கு மேல் முடியாமல் தோள்பட்டைக் காயம் என்று கலப்பு இரட்டையரின் வெண்கல ஆட்டத்தையே விட்டுவிட்டார்.

"ஏன், எதிரே ஆடியவனுக்கும் அதே வெயில், அதே தரைதானே?" என்று எதிரணியில் ஒரு தம்பி முணுமுணுக்கிறார். நல்ல கேள்வி, சத்தமாகவே கேட்கலாம். களம் ஒன்றுதான். அந்தக் களத்துக்குள் இறங்கும் உடல்கள் ஒன்றல்ல. முன்னணி வீரர் என்றால் யார்? போகிற ஊரிலெல்லாம் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை தங்குகிறவர். முதல் சுற்றில் தோற்றவர் திங்கட்கிழமையே வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார், வென்றவர் வென்றதற்குத் தண்டனையாக இன்னும் ஆடிக்கொண்டே இருக்கிறார். பெரிய போட்டிக்குள் பெரிய வீரர் நுழையும்போதே பாதி எரிபொருள்தான் இருக்கும். இதை மனதின் குற்றம் என்றால், அது வெற்றி பெற்ற குற்றம்.

சரி, அந்த ஸ்வெரெவ் ஆட்டத்துக்கே வருகிறேன். அதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் செட்டை ஜோகோவிச் 6-1 என்று வென்றார். இரண்டாவது செட்டிலும் முன்னிலையில் இருந்தார். அங்கிருந்து ஸ்வெரெவ் எழுந்து 6-3, 6-1 என்று முடித்துவிட்டார். 'நெருக்கடியில் நொறுங்கினார்' என்று எதிரணி எழுதிக்கொண்டது. நான் வேறொரு தேதியை எழுதி வைத்திருக்கிறேன். அதே ஆண்டு ஜூன் 13. பிரெஞ்சு ஓபன் இறுதி. சிட்சிபாஸிடம் முதல் இரண்டு செட்டையும் ஜோகோவிச் இழந்தார். இழந்துவிட்டு, அடுத்த மூன்று செட்டையும் வென்று கோப்பையைத் தூக்கினார். ஒலிம்பிக்ஸில் இரண்டு செட்டை இழந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், ஏனென்றால் அங்கே இரண்டு செட் எடுத்தவர் வெல்லும் மூன்று செட் ஆட்டம். பாரிஸில் மூன்று செட் எடுத்தவர் வெல்லும் ஐந்து செட். ஆளை மாற்றவில்லை, விதியைத்தான் மாற்றினார்கள்.

"யூகம்" என்று சொல்லிவிடுவீர்கள் என்று தெரியும், அதனால் ஆதாரத்தோடு வந்திருக்கிறேன். டோக்கியோ முடிந்து ஆறு வாரத்தில், செப்டம்பர் 10 அன்று, நியூயார்க்கில் யுஎஸ் ஓபன் அரை இறுதி. அதே ஜோகோவிச், அதே ஸ்வெரெவ், அதேபோலக் கடினத் தரை. இந்த முறை ஐந்து செட். வென்றவர் ஜோகோவிச்: 4-6, 6-2, 6-4, 4-6, 6-2. ஓர் ஆண்டில் நான்கு கிராண்ட் ஸ்லாமும் என்கிற பாரம் தலைமேல் இருந்த நேரம் அது. அழுத்தம் என்று பார்த்தால் டோக்கியோவை விட இங்கேதான் அதிகம். பிறகு ஏன் வென்றார்? திரும்பி எழுவதற்கு இன்னும் இரண்டு செட் இடம் இருந்தது, அதனால் வென்றார்.

உடனே, "அடுத்த இறுதியில் ரஷ்யாவின் மெத்வதேவிடம் ஒரு செட்கூட எடுக்காமல் நேர் செட்டில் தோற்றாரே" என்பீர்கள். தோற்றார். அந்த இறுதிக்கு வரும் வழியில் நிஷிகோரி, புரூக்ஸ்பி, பெரெட்டினி, ஸ்வெரெவ் என்று வரிசையாக நான்கு பேரிடமும் முதல் செட்டை இழந்து, பிறகு போராடி வென்று வந்திருந்தார். மெத்வதேவோ வழிநெடுக ஒரே ஒரு செட்தான் இழந்திருந்தார். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். மறுபடியும் டோக்கியோ, 2021 ஜூலை 28. உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த மெத்வதேவ், இத்தாலியின் ஃபோக்னினியோடு ஆடுகிறார். பகல் வெயில், கூடவே பிழிந்தெடுக்கும் புழுக்கம். நடுவில் மூச்சு வாங்க முடியாமல் நிற்கிறார். "தொடர்ந்து ஆட முடியுமா?" என்று அம்பயர் கேட்கிறார். மெத்வதேவ் சொன்ன பதில் உலகம் முழுக்கச் செய்தியானது: ஆட்டத்தை முடிப்பேன், ஆனால் செத்துப்போகலாம், செத்தால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா? அன்றைக்கு எப்படியோ வென்றுவிட்டார். மறுநாள் கால் இறுதியில் நேர் செட்டில் தோற்று வெளியேறினார். அதே 28-ஆம் தேதி ஸ்பெயினின் பாவ்லா படோசா கால் இறுதியைப் பாதியில் விட்டுவிட்டுச் சக்கர நாற்காலியில் வெளியே போனார். வெப்பத் தாக்கு. இதற்குப் பிறகுதான் காலை 11 மணிக்குத் தொடங்கிய ஆட்டங்களை மாலை 3 மணிக்கு மாற்றினார்கள். அய்யா, வீரர்களின் மனசுதான் கோளாறு என்றால் அமைப்பாளர்கள் கடிகாரத்தை ஏன் மாற்றினார்கள்? ஆளுக்கொரு தியானப் பயிற்சியாளரை அனுப்பியிருக்கலாமே!

வெயில் ஆளை மட்டுமா சுடும்? பந்தையும் சுடும், ராக்கெட்டின் நரம்பையும் சுடும். சூட்டில் பந்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பந்து கூடுதலாக எகிறும். ஸ்ட்ரிங் எனும் அந்த நரம்பு தளரும், பந்து நினைத்த இடத்தைத் தாண்டிப் போகும். காற்றில் ஈரம் கூடினால் கதை தலைகீழ்: பந்தின் மேல் இருக்கும் பஞ்சு உப்பி, பந்து கனத்து மெதுவாகும். தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள், செர்வ் போடுவதற்கு முன் வீரர் மூன்று நான்கு பந்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றிரண்டைத் திருப்பிக் கொடுப்பார். எங்கள் வீட்டில், "என்ன, தக்காளி பொறுக்குகிற மாதிரி பொறுக்குகிறான்?" என்று கேட்பார்கள். பஞ்சு உப்பாத பந்தைத் தேடுகிறார். அது கொஞ்சம் வேகமாகப் போகும். அந்தக் 'கொஞ்சம்' அவருக்கு அவ்வளவு முக்கியம்.

ஏன் அவ்வளவு முக்கியம்? இதற்கு நான் பதில் சொன்னால் எடுபடாது, ரோஜர் பெடரரே சொல்லியிருக்கிறார். 2024 ஜூன் மாதம் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது ஒரு கணக்குச் சொன்னார். அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1,526. அதில் வென்றது ஏறக்குறைய 80 விழுக்காடு. ஆனால் அந்த ஆட்டங்களில் அவர் வென்ற புள்ளிகள்? வெறும் 54 விழுக்காடு!

அம்மா, இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பாருங்கள். நூறு புள்ளி ஆடினால் பெடரருக்கு 54, எதிராளிக்கு 46. இந்த இடைவெளியில்தான் அவருடைய 20 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களும் உட்கார்ந்திருக்கின்றன. நூற்றுக்கு நான்கு புள்ளியைப் பிடுங்கிவிட்டால் அவர் எதிராளிக்குச் சமம். அந்த நான்கு புள்ளியைப் பிடுங்கப் பெரிய மன நெருக்கடி வந்துதான் ஆக வேண்டுமா? முந்தாநாள் ஆடிய நீளமான ஆட்டம் பிடுங்கிவிடும். கொஞ்சம் கனத்த பந்து பிடுங்கிவிடும். மழைக்காக மூடிய அரங்கக் கூரை பிடுங்கிவிடும். அப்புறம் நாம் வீட்டு சோஃபாவில் சாய்ந்துகொண்டு, "அவனுக்கு மனசு சரியில்லப்பா" என்று தீர்ப்பு எழுதுவோம்.

பெடரர் பேச்சு வந்துவிட்டதால் லண்டனையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இது. 2012 ஜூலை 8, விம்பிள்டன் மைய அரங்கம். இறுதி ஆட்டத்தில் பெடரர் பிரிட்டனின் ஆண்டி முர்ரேயைத் தோற்கடிக்கிறார். சரியாக நான்கு வாரம் கழித்து, ஆகஸ்ட் 5, அதே அரங்கம், அதே புல், அதே இருவர். இப்போது ஒலிம்பிக்ஸ் இறுதி (அப்போதெல்லாம் ஒலிம்பிக்ஸில் ஆண்கள் இறுதிக்கு மட்டும் ஐந்து செட்). முர்ரே 6-2, 6-1, 6-4. பெடரரை நிற்க விடவில்லை.

மன அழுத்தம் யாருக்கு அதிகம் இருந்திருக்கும்? சொந்த ஊரில், சொந்தச் சனங்கள் முன்னால், ஒரு மாதம் முன்பு அதே இடத்தில் தோற்று மைக்கைப் பிடித்து அழுத முர்ரேக்குத்தானே? உங்கள் கொள்கைப்படி அவர்தான் நடுங்கி விழுந்திருக்க வேண்டும். விழுந்தது பெடரர். ஏன்? இரண்டு நாள் முன்னால் போய்ப் பாருங்கள். அரை இறுதியில் அர்ஜென்டினாவின் டெல் போட்ரோவோடு ஆடினார்: 3-6, 7-6, 19-17. 6-6 என்று சமமானால் ஒரே கேமில் செட்டை முடிக்கும் டை பிரேக் அன்று கடைசி செட்டுக்குக் கிடையாது, அதனால் அந்த ஒரு செட் மட்டும் 36 கேம். மொத்தம் 4 மணி 26 நிமிடம். ஆடியவருக்கு 31 வயது நிறைய இன்னும் சில நாள்தான் பாக்கி. அதே நாள் முர்ரே இரண்டே செட்டில் ஜோகோவிச்சை முடித்துவிட்டு ஓய்வெடுக்கப் போய்விட்டார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அடுத்து, யாரோடு யார் மோதுவது என்று முடிவு செய்யும் சீட்டுக் குலுக்கல். 2016 ரியோ. முதல்நிலை வீரர் ஜோகோவிச் முதல் சுற்றிலேயே வெளியே. இதையும் 'பதற்றம்' கணக்கில் எழுதியிருக்கிறது எதிரணி. எதிரே நின்றது யார் தெரியுமா? அதே டெல் போட்ரோதான்! 2009 யுஎஸ் ஓபன் சாம்பியன். மணிக்கட்டில் அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஆடாமல் இருந்ததால் தரவரிசை 141-க்கு இறங்கிக் கிடந்தது. தரவரிசைப் பட்டியலுக்குத்தான் அவர் 141, பந்துக்கு அது தெரியாதே. இரண்டு செட்டும் டை பிரேக். ஜோகோவிச்சின் இடது மணிக்கட்டும் அப்போது சரியாக இல்லை. அதே வாரம் நடாலையும் வீழ்த்தி வெள்ளி வாங்கிக்கொண்டு போனார் டெல் போட்ரோ. இவரை முதல் சுற்றிலேயே கொண்டுவந்து நிறுத்தியது குலுக்கல். அன்றைக்குக் காலையில் டெல் போட்ரோ வீரர் கிராமத்து லிஃப்டுக்குள் 40 நிமிடம் மாட்டிக்கொண்டு கிடந்தார் என்பது உபரிச் செய்தி. மன அழுத்தம்தான் தோற்கடிக்கும் என்றால் அவரல்லவா தோற்றிருக்க வேண்டும்!

நம்ம ஊர்ப் பிள்ளையும் இந்தக் கணக்கில் வருவார். சென்னையில் அமிர்தராஜ் அகாடமியில் ஆட்டம் பழகிய லியாண்டர் பயஸ். 1996 அட்லாண்டாவில் முதல் சுற்றில் அவர் சந்திக்க வேண்டியது அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த அமெரிக்காவின் பீட் சாம்ப்ராஸை. சாம்ப்ராஸ் காயத்தால் விலகினார். தரவரிசையில் 126-ஆவது இடத்தில் இருந்த பயஸ், அந்தப் போட்டியில் வெண்கலத்தோடு திரும்பினார். பயஸின் நெஞ்சுரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெரிய பெயர்களைக் கவிழ்க்கிற அதே களம்தான் சின்ன எண்களைத் தூக்கியும் விடுகிறது என்கிறேன்.

இனி, எதிரணிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். ஜப்பானின் நவோமி ஒசாகா. டோக்கியோவில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவர், நான்கு நாள் கழித்து வொண்ட்ருசோவாவிடம் 6-1, 6-4 என்று தோற்றார். அழுத்தம் இருந்தது என்று அவரே வாயால் சொன்னார். நான் மறுத்தால் அது விதண்டாவாதம். ஆனாலும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: மே கடைசியில் பாரிஸில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு விலகியவர், அடுத்த ஆட்டத்தை ஜூலை 25 அன்று டோக்கியோவில்தான் ஆடினார். எட்டு வாரம் களத்துக்கே வராத கை அது. "அவர் விலகியதே மன நலத்துக்காகத்தானே" என்று சிரிக்கிறார் அந்த அம்மா. ஆமாம். அது உங்களுக்கே, வைத்துக்கொள்ளுங்கள்.

போலந்தின் இகா ஸ்வியாடெக் விஷயத்தில் பாதிதான் தருவேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ், அவர் நான்கு பிரெஞ்சு ஓபன் பட்டம் வென்ற அதே ரோலண்ட் காரோஸ் செம்மண் தரை. அங்கே தொடர்ந்து 25 ஆட்டம் வென்றிருந்தவர், அதுவரை தன்னை ஒருமுறைகூட வெல்லாத சீனாவின் ஜெங் கின்வென்னிடம் அரை இறுதியில் 6-2, 7-5 என்று தோற்றார். தரை அவருடையது, பிறகு ஏன்? பிரெஞ்சு ஓபனில் பொதுவாக ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவே ஒரு நாள் ஓய்வு உண்டு. ஒலிம்பிக்ஸில் கால் இறுதி முடிந்த மறுநாளே அரை இறுதி. நடுவில் விம்பிள்டன் என்று புல்தரைக்கு வேறு போய்வந்திருந்தார். அன்று தன் பேக்ஹேண்டில், அதாவது பின்கை அடியில், ஓட்டை விழுந்துவிட்டது என்றார். ஓட்டையை அடைக்கப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்கு நாள் வேண்டும், நாள் எங்கே இருந்தது? ஆனால் இரண்டாவது செட்டில் 4-0 என்று முன்னால் போய்விட்டுத் தோற்றாரே, அதைத் தரையின் தலையில் கட்ட நான் தயாரில்லை. அந்தப் பாதி உங்களுக்கு.

யானா நோவோட்னா 1993 விம்பிள்டன் இறுதியில் கடைசி செட்டில் 4-1 என்று முன்னிலையில் இருந்து ஸ்டெஃபி கிராஃபிடம் தோற்று, அரச குடும்பத்துப் பெண்மணியின் தோளில் சாய்ந்து அழுத கதையையும் சொன்னார்கள். உருக்கமான கதை. 1998-இல் அதே நோவோட்னா அதே விம்பிள்டனை வென்ற கதையை மட்டும் ஏனோ சொல்லவில்லை.

மனசு இரும்பாக இருந்தால் எங்கேயும் வெல்லலாம் என்றால், பியான் போர்க் யுஎஸ் ஓபனை வென்றிருக்க வேண்டுமே? முகத்தில் ஒரு சலனம் காட்டாத மனிதர், 'ஐஸ் போர்க்' என்றே பெயர். ஆறு பிரெஞ்சு ஓபன், ஐந்து விம்பிள்டன். யுஎஸ் ஓபனில் நான்கு முறை இறுதிக்குப் போய் நான்கு முறையும் தோல்வி. மற்ற ஊர்களில் உறைந்திருந்த பனி நியூயார்க்கில் மட்டும் உருகியதா? தன் பதினான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களில் ஏழு பட்டங்களை விம்பிள்டனிலேயே அள்ளிய சாம்ப்ராஸுக்கு பாரிஸ் செம்மண்ணில் இறுதிப் போட்டியையே எட்ட முடியவில்லை. செம்மண்ணில் பந்து தரையைப் பிடித்து மெதுவாக, உயரமாக எழும்பும். புல்லில் வழுக்கிக்கொண்டு ஓடிய அவருடைய செர்வை, அங்கே எதிராளி நிதானமாக நின்று திருப்பி அடித்தார். இதில் மனசு எங்கே வந்தது?

கடைசியாக ஒன்று. நடுவர் அய்யாவின் கை மணிப் பக்கம் போவது தெரிகிறது, அரை நிமிடம் போதும். டோக்கியோவில் ராக்கெட் உடைத்த அதே ஜோகோவிச், 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக்ஸ் இறுதியில் ஸ்பெயினின் அல்கராஸை 7-6, 7-6 என்று வென்று தங்கம் வாங்கினார். வயது 37. ஜூன் மாதம்தான் முழங்காலில் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் முன்னால் விம்பிள்டன் இறுதியில் இதே அல்கராஸிடம் நேர் செட்டில் தோற்றிருந்தார். இதை விட்டால் இன்னொரு ஒலிம்பிக்ஸ் கிடைக்குமா என்பதே சந்தேகம். அழுத்தம் என்று ஒன்று ஆளைக் கொல்லுமானால் அன்றைக்குக் கொன்றிருக்க வேண்டும். அவரோ போட்டி முழுவதும் ஒரு செட்கூட இழக்கவில்லை. டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் நடுவே களத்தில் மாறியதை நான் சொல்கிறேன்: கலப்பு இரட்டையருக்குப் பெயர் கொடுக்காமல் ஒற்றையர் மட்டும் ஆடினார், அந்த ஆண்டு அதுவரை ஒரு பட்டம்கூட வெல்லாததால் உடம்பில் 21 கிராண்ட் ஸ்லாம் வெற்றிகளின் சுமை இல்லை, வெள்ளிக்கிழமை அரை இறுதி முடிந்து ஞாயிற்றுக்கிழமை இறுதி என்று நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு. மனசில் என்ன மாறியது என்பதை எதிரணியில் அடுத்துப் பேச வருகிற தம்பி எழுந்து சொல்லட்டும், உட்கார்ந்து கேட்கிறேன். நன்றி, வணக்கம்.